சத்தமான அப்பாவும் நூர்ஜஹான் டீச்சரும்

செவ்வாய்க்கிழமை காலை, பிரேயர் முடிந்து வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது போன் வந்தது. நூர்ஜஹான் டீச்சரின் மகள் பர்வீன் பேசினாள். "டீச்சர், அம்மா தவறிட்டாங்க. மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வந்துடுங்க." வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேர் கூப்பிடச் சொல்லிப் பிள்ளைகள் கத்தினார்கள். பதிவேட்டில் ஒரு பேரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்தை அடுத்த எங்கள் தொடக்கப்பள்ளியில் அவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். நான் மூன்றாம் வகுப்பு. அவர் பிறந்த ஊர் கோட்டக்குப்பம். கணவர் நெடுங்காலம் சவூதியில் இருந்ததால், திண்டிவனத்தில் வீடு எடுத்துத் தனியாகவே மகளை வளர்த்தார். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். வம்பே அதில்தான் தொடங்கியது.

ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் சேர்த்து எழுதும் பாடத்தை நாங்களெல்லாம் ஒரே பீரியடில் முடித்துவிடுவோம். 'சிவப்பு ரோஜா', 'வெள்ளைப் பால்' என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். டீச்சர் அதற்கு ஒரு வாரம் எடுப்பார். ஒருநாள் அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டைச் செடியை, அதான் வேர்க்கடலைச் செடியை, கொண்டுவந்து மேசையில் போட்டு, ஆளுக்கொரு சொல் கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. "அது அவன் பார்த்தது. நீ என்னா பார்த்த, அதைச் சொல்லு" என்பார். 'மண்ணு ஒட்டுன மல்லாட்டை', 'ஒத்தப் பருப்பு மல்லாட்டை', 'எலி கடிச்ச மல்லாட்டை' என்று சத்தம் தட்டியைத் தாண்டி வரும். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வகுப்பில் செல்வி என்றொரு பெண், வாயே திறக்காத பிள்ளை. வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதச் சொன்ன அன்று, 'எங்க அப்பா சத்தமான அப்பா' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சிரித்துவிட்டேன்.

"இப்படி யாராவது சொல்லுவாங்களா டீச்சர்? 'அன்பான அப்பா'ன்னு திருத்திக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "நாம சொல்ல மாட்டோம் கலா. அவ சொல்றாளே. அவ பார்த்ததைத் திருத்த நாம யாரு?"

அன்று மாலையே செல்வியின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசியிருக்கிறார். மறுநாள் அந்த மனிதர் பள்ளி வாசலில் நின்று, "என் வூட்டு விசயத்துல தலையிட இவங்க யாருங்க?" என்று குதித்தார். டீச்சர் எதிரே போய் நின்றார். "பொண்ணு உங்களைப் பார்த்துப் பயந்துக்கினு இருக்குதுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். அவ்வளவுதான், ஆள் அடங்கிப் போனார். கொஞ்ச நாளில் செல்வியின் குரலும் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் நான் டீச்சர் மேல் ஒரு புகார் எழுதினேன். பாடத்தை முடிப்பதில்லை, அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுகிறார், பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று முழுப் பக்கம். கீழே பெயர் போடாமல் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கண்டிப்பார்கள், அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அவர்களோ டீச்சரை நடு வருடத்தில் விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும் நாளில் பிள்ளைகள் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது பொய் அழுகையும் இல்லை.

அடுத்த வருடம் செல்வி என் வகுப்புக்கு வந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். நான் போர்டில் போட்டிருந்தபடியே 'என் அப்பா அன்பான அப்பா' என்று எழுதிக் காட்டினாள். அவள் கன்னம் வீங்கியிருந்தது. நான் அந்த வாக்கியத்துக்குச் சரி போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, விக்கிரவாண்டியிலேயே இறங்கித் திரும்பியிருக்கிறேன், ஒரு முறை அல்ல. இதற்கிடையில் அவர் என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து, பந்தி முடியும்வரை நின்று கவனித்துவிட்டுப் போனார். அன்றும் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தபிறகுதான் வாய் வந்தது. பர்வீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா மேல புகார் எழுதுனது நான்தாம்மா" என்றேன்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "தெரியும் டீச்சர். ஆபீஸ்ல லெட்டரைக் காட்டுனப்பவே அம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. தெனமும் போர்டுல பார்த்த எழுத்தாச்சே. 'கலா ஒருநாள் அவளா வந்து சொல்லுவா, நீங்க யாரும் கேக்கக் கூடாது'ன்னுட்டாங்க. போன வாரங்கூட, கலா வந்தாளான்னு கேட்டுக்கினே இருந்தாங்க."

நூறு நூறு பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், பெயர் போடாவிட்டால் போதும் என்று இத்தனை காலம் நம்பியிருக்கிறேன்.

ஆண்கள் டீச்சரைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். பள்ளிவாசல் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்து சொல்லிவிட்டேன் டீச்சர். கேட்கத்தான் நீங்கள் இல்லை. போய் வாருங்கள்.