கடைசிப் பக்கமும் சாச்சியின் போனும்

முதலில் தலைப்பு வரும். பிறகு எழுதியவரின் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி, இன்னொரு வரியில் பாதி, அப்புறம் ஒன்றுமே வராது. மதுரங்குளிச் சந்தியில் என் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, நடத்திய, காசு கொடுத்துப் போன் பேசும் கொமினிகேஷன் கடையில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் இப்படித்தான் திரையில் மேலிருந்து கீழே இறங்கின. பழைய சஞ்சிகைகளைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு காப்பகம் அது. எழுத்தாக இருந்தால் சட்டென்று வந்திருக்கும். அதுவோ பக்கத்துக்குப் பக்கம் படம். முழுக் கட்டுரையையும் ஒன்றாக அச்சிடத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்றது காப்பகம். அதை ஏற்றியதும் சாச்சியின் கொம்பியூட்டர் அப்படியே விறைத்துப்போய் நின்றது. ஆகவே ஒரு பக்கத்தைத் திறந்து, காத்திருந்து, அச்சிட்டு, மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஒரு கட்டுரை திறக்கக் கொஞ்சம் சுணங்கினாலே போனைத் தட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு வேண்டியிருந்தது எங்கள் களப்பை, கடல்நீர் உள்ளே ஏறிக் கிடக்கும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பைப் பற்றிய கட்டுரை. யாரோ ஒரு வெள்ளைக்காரர், என் வாப்பா பிறப்பதற்கும் முன்னால், வள்ளத்தில் சுற்றி இடமிடமாகத் தண்ணீரின் ஆழத்தையும் உப்பையும் அளந்து எழுதியிருந்தார். இறால் பண்ணைகள் வந்த பிறகு அதே இடங்களில் நான் அளந்திருந்தேன். இரண்டுக்கும் இடையில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. என் அளவுகள் என் கையில் இருந்தன. அவருடையவை அமெரிக்காவில் அந்தக் காப்பகத்தில் இருந்தன. சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய ஒரு களப்பின் ஆழத்தை அறிய, உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து போன் கம்பி வழியாகப் பக்கம் பக்கமாக இழுக்கவேண்டியிருந்த கூத்தை யாரிடம் சொல்லி அழுவது? வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. காப்பகத்தைத் திறக்க எங்கள் துறைக்குத் தற்காலிகமாகக் கிடைத்த பாஸ்வேர்ட் மாதக் கடைசியோடு முடிந்துவிடும் என்று சேர் எச்சரித்திருந்தார்.

கடையில் இருந்தது ஒரே லைன். இன்டர்நெட் போட்டால் வெளியிலிருந்து யாரும் அழைக்க முடியாது. காலையில் கொழும்புக்குப் பேச வியாபாரிகள் வருவார்கள், பகலில் கரண்ட் போகும். பின்னேரமாவது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பின்னேரங்களில் கனமூலைப் பக்கத்துப் பெண்கள் வந்து வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தியின் கணவன் சவூதியில், இன்னொருத்தியின் மகள் குவைத்தில். அவர்கள் வீடுகளில் போன் இல்லை. எல்லோருக்கும் சாச்சியின் நம்பர்தான். இத்தனை மணிக்கு அழைப்பேன் என்று அங்கிருந்து யாரும் சொல்லமாட்டார்கள். "அஸருக்குப் பொறகு எடுக்கிறன்" என்பார்கள். இங்கே பிற்பகல் தொழுகையான அஸர் தொழுததும் இவர்கள் புறப்பட்டு வந்துவிடுவார்கள். ஆனால் எங்களுக்குப் பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வேளையில்தான் அங்கே அஸர்! இடைப்பட்ட நேரம் முழுக்க அடிக்கவே போகாத ஒரு போனைச் சுற்றி ஊரே காவல் இருக்கும். நான் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

விளக்காமல் விட்டேனா? கடதாசியில் சூரியனைக் கீறினேன், இலங்கையைக் கீறினேன், சவூதியைக் கீறினேன். "ஓம் தங்கச்சி, நல்லா விளங்குது" என்றார்கள். மறுநாள் அஸர் தொழுத கையோடு அதே வாங்கில் இருந்தார்கள். சாச்சியிடம் சண்டைக்குப் போனேன்.

"எனக்கு இது தெரியாதா மகள்? எந்தப் போன் எப்ப வரும்ண்டு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருநாள் முந்தி எடுத்திட்டா? அங்க அதுகளுக்குப் போன் கிட்டப் போறதே பெரிய பாடு. லைன் கிடைக்காட்டி திரும்ப எப்ப எடுக்குங்களோ."

"சாச்சி, இது என்ட டிகிரி!"

"டிகிரி எங்கயும் ஓடாது."

அதற்கு மேல் அவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

கடைசி நாளும் வந்தது. ஒரே ஒரு பக்கம் பாக்கி. எல்லா அளவுகளும் அடங்கிய அட்டவணை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று வாங்கில் ஒருவர் மட்டுமே இருந்தார். நாங்கள் ராத்தா என்று அழைக்கும் கனமூலைக்காரர். அவருடைய மகள் ரியாதில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். சில மாதங்களாக அவளிடமிருந்து சத்தமே இல்லை. நான் கீறிக் காட்டிய படத்தை உண்மையிலேயே விளங்கிக்கொண்டவர் அவர்தான் போலும். "நீங்க போடுங்க தங்கச்சி, அவ எப்படியும் மஃரிபோடதானே எடுப்பா" என்றார். சாச்சி முகத்தை நீட்டிக்கொண்டு, பாங்கு சொல்லும்வரைதான் என்றார்.

நான் நினைத்ததைவிட அதிக நேரம் மொடம் கத்தியது. பிறகு பக்கம் இறங்கத் தொடங்கியது. அட்டவணையின் தலைப்பு. இடம், ஆழம், உப்பு என்று கட்டங்கள். முதல் கட்டத்தில் மாம்புரியின் பெயர், அதற்கு நேரே ஓர் எண்ணின் மேல்பாதி. அந்த எண் மூன்றா எட்டா என்று நான் குனிந்து பார்க்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சாச்சி வயரைக் கழற்றினார்.

"சாச்சி, ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம்!"

"பாங்கு சொல்லியாச்சு மகள்."

இராத் தொழுகையான இஷா வரைக்கும் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை. ராத்தா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போனார். இஷாவோடு சாச்சி கடையைப் பூட்டிவிடுவார்; என் பாஸ்வேர்ட் அன்றோடு முடிந்தது.

ஒப்பிட ஒன்றுமில்லாத ஓர் ஒப்பீட்டாய்வை நான் சமர்ப்பித்தேன். பழைய அளவுகள் எங்கே என்று கேட்டார்கள். சாச்சி வயரைக் கழற்றிவிட்டார் என்று பதில் சொல்ல முடியுமா? பட்டத்தில் நான் எதிர்பார்த்த வகுப்பு கிடைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் சாச்சியோடு கதைக்காமல் இருந்தேன். சில வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் வேறு வழியில் கிடைத்தது; நான் சொன்னது எல்லாமே சரியென்று காட்டும் எண்கள். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் முதலில் வந்ததைவிடப் பெரிது. ராத்தாவுக்கு அப்படிப் பிந்தியாவது எதுவும் வரவில்லை. மகளை ரியாதுக்கு அனுப்பிய முகவர் கையை விரித்தார். ராத்தா பின்னேரங்களில் வந்து உட்காருவதை மட்டும் விடவில்லை, மௌத்தாகி அடக்கமாகும்வரை.

இப்போது சாச்சியின் கடையில் போனுக்குக் காசு ஏற்றும் ரீலோடும் போன் உறையும் விற்கிறார்கள். போன மாதம் அவருக்குப் புதிய இன்டர்நெட் போட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் பாவிக்காத பழைய லைனை வெட்டிவிடலாம், மாத வாடகையாவது மிஞ்சும் என்றார் வந்தவர். அது இன்னும் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாச்சி குறுக்கே வந்து நின்றார்.

"அதில கைவெக்க வேணாம்."

எனக்குப் பழைய எரிச்சல் அத்தனையும் ஒன்றாக ஏறியது. "இந்த நம்பருக்கு இனி யார் எடுக்கப் போறாங்க சாச்சி? எல்லார் கையிலயும் போன் இருக்கு. அந்த ராத்தாவும் மௌத்தாகி எவ்வளவு காலம்!"

"அதான் மகள். அந்தப் புள்ளைக்கு இந்த நம்பர் மட்டும்தானே தெரியும். அவ எடுத்தா, உம்மா மௌத்தாகிட்டாண்டு சொல்ல ஒராள் வேணாமா?"

வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பழையதை விட்டுவிட்டுப் புதியதை மற்றச் சுவரில் இழுங்கள் என்றேன்.