முப்பத்தெட்டும் ஜெசுயீனாவிடம் இருக்கின்றன

ஒடீலியா பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் தோட்டத்து மரவள்ளிகள் தலையை ஆட்டும் என்று இசானா ஆற்றங்கரையில் சொல்வார்கள். காற்றே இல்லாத நாளிலும் ஆட்டும் என்று சத்தியம் செய்ய மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பாதிரியார் என்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

பதினேழு வயதில் பெனீசியோவைக் கட்டிக்கொண்டு அடுத்த ஆற்றிலிருந்து அவள் வந்தபோது, கூடையில் துணி இரண்டே உருப்படி. மீதியெல்லாம் அம்மா தோட்டத்து மரவள்ளிக் குச்சிகள். படகில் மாப்பிள்ளைக்கு இடமில்லாமல் அவன் பாதி வழி நீந்தியே வந்தானாம். பெனீசியோ இதை ஒருநாளும் மறுத்ததில்லை. நீந்திய தூரத்தை மட்டும் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போனான்.

பிறகு அங்கே கேட்டு, இங்கே மாற்றி, முப்பத்தெட்டு வகை சேர்ந்தன. நீர்நாய்ப்பல், கிளிமூக்கு, கறுப்புக்காரி, கிழங்கு வைக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. எல்லாவற்றுக்கும் மேலே ஆமைமுட்டை. துருவிப் பிழிந்து நஞ்சை வடித்தால், ஆற்றாமை முட்டையின் மஞ்சள் கரு மாதிரி மாவு. அது அம்மா கையால் கொடுத்த குச்சி. அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் திருடித் தின்ற சிறுத்தை ஒன்று, மறுநாள் தொட்டுக்கொள்ள மீன்குழம்பு கேட்டு வந்ததாகவும் பேச்சு உண்டு.

குச்சி விஷயத்தில் இந்தக் கரைப் பெண்களுக்குச் சட்டம் ஒன்றுதான். ஒருத்தி கேட்டால் இன்னொருத்தி இல்லை என்று சொல்லக் கூடாது. வாங்குகிறவள் அதன் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்தவளுடையது செத்துப்போனால், வாங்கியவள் தோட்டத்திலிருந்து அது வீடு திரும்பும். ஒடீலியாவின் முப்பத்தெட்டும் அவள் நாத்தனார் ஜெசுயீனாவின் தோட்டத்திலும் இருந்தன. ஆற்றில் இரண்டு வளைவு தாண்டி, மேட்டு நிலத்தில். பெனீசியோவின் தங்கை அவள். ஒடீலியா பெற்ற நான்கு பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி அறுத்தவள்.

இரண்டு வருஷமாக ஜெசுயீனாவே அடிக்கடி இந்தப் பக்கம் வந்துபோனாள். கை நிறைய ரொட்டி, வாய் நிறைய வம்பு.

"நான் ஒரு நடை வந்து தோட்டத்தைப் பாக்கறேன்டி" என்பாள் ஒடீலியா.

"உனக்கு எதுக்கு மதினி அலைச்சல்? முட்டி வலின்னியே. உன் மரவள்ளிப் பிள்ளைங்க அங்க ஜம்முனு இருக்காங்க. ஆமைமுட்டை என் தலைக்கு மேல வளந்து நிக்குது."

எத்தனை பாசம் என்று ஒடீலியாவுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு ஏறியது. யாரும் பார்த்திராத ஏற்றம். மீன்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சமையலைப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பிப் போயின. தண்ணீர் வீட்டுக்கு மேலே இருந்த தோட்டத்தைத் தொட இன்னும் இரண்டு நாள் இருந்தபோது பெனீசியோ கத்தியோடு வந்து நின்றான்.

"குச்சியெல்லாம் வெட்டிக் கட்டி மேட்டுல போட்டுடலாமா?"

"எதுக்கு? முப்பத்தெட்டும் ஜெசுயீனாகிட்ட இருக்கு. நீ போயி பக்கத்து வீட்டுக்காரரோட மாவு வறுக்கிற தட்டத் தூக்கு. செம்புத் தட்டு. போனா வராது."

செம்புத் தட்டு பிழைத்தது. தோட்டத்தில் தண்ணீர் மூன்று வாரம் நின்றது. வடிந்த பிறகு ஒடீலியா ஒரு தண்டைத் தொட்டாள். தோல் கையோடு வந்தது. ஒரு கணு மிஞ்சவில்லை. அவள் அழவில்லை. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, வரிசை மறக்காமலிருக்க முப்பத்தெட்டுப் பேரையும் சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

ஜெசுயீனாவின் துறையில் ஒரு பலகை நட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'முன்மாதிரித் தோட்டம். திருமதி ஜெசுயீனா.' அதற்குப் பின்னால் மரவள்ளி. நூல் பிடித்தாற்போல வரிசை. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே இலை. ஒடீலியா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். கறுப்புக்காரி இல்லை. கிளிமூக்கு இல்லை. ஆமைமுட்டை நின்ற மூலையில் மோட்டார் வைத்த துருவும் எந்திரம் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்கடி?" என்றாள்.

ஜெசுயீனா அவளை முந்தியே பார்த்துவிட்டாள், பக்கத்தில் வரத்தான் கால் எழவில்லை.

"மதினி, கோவப்படாத. கீழாத்து ஆராய்ச்சிப் பண்ணைக்காரங்க வந்தாங்க. எல்லாம் ஒரே ரகமா இருந்தாத்தான் எந்திரம் குடுப்போம்னாங்க. ரெண்டு மடங்கு கிழங்கு வைக்குதாம். எனக்கும் தோள்பட்டை விட்டுப்போச்சு, எத்தன நாள் கையால துருவறது?"

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"போன மாசம் என் வீட்ல உக்காந்து, ஆமைமுட்டை தலைக்கு மேல வளந்துடுச்சுன்னு சொன்ன."

ஜெசுயீனா எந்திரத்தின் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்தாள்.

"பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வந்து வகைக்கு ஒரு குச்சிய வேற எங்கயாவது வெச்சிருப்பேன். தண்ணி வந்தப்ப வெட்டியாவது வெச்சிருப்பேன். உன் அண்ணன் கத்தியோட நின்னான். உன் பேரச் சொல்லித்தான் வேணாம்னேன்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மதினி. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவள் கை அவசரமாக வரிசையைக் காட்டியது. "இதுல எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கோ. கூடை நிறைய எடுத்துக்கோ."

பிறந்ததிலிருந்து ஒடீலியா குச்சி வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

திரும்பும்போதுதான் அதைப் பார்த்தாள். வேலியோரம், ஜெசுயீனா புதிதாக எரித்த பழைய தரிசில், சாம்பலுக்குள்ளிருந்து விரல் உயரத்துக்கு நாற்றுகள். மண்ணில் எத்தனையோ வருஷம் தூங்கிக் கிடந்த மரவள்ளி விதை. நெருப்புப் பட்டால்தான் அதற்கு முழிப்பு வரும். யாரும் நடாதது. தாயைப் போலவும் வராது, ஒன்றைப் போல இன்னொன்றும் வராது.

"அது என்னது?"

"களை. கலப்பு இருக்கக் கூடாதுன்னு பிடுங்கச் சொல்லியிருக்காங்க."

"அந்தக் களையக் குடு."

கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பதினொரு நாற்று. ஜெசுயீனாவே மண்ணோடு பெயர்த்து வைத்தாள். ஒடீலியா உதவவில்லை.

எது அழுகாமல் தாங்கும் என்று பார்க்க, வேண்டுமென்றே தோட்டத்தின் ஈரமான மூலையில் நட்டாள். ஒன்றேகால் வருஷம் கழித்துத் தோண்டினாள். ஆறு செடியின் கிழங்கு அழுகிப்போயிருந்தது. மூன்று வெறும் நார். ஒன்று சுண்டுவிரல் தடிமன். கடைசி ஒன்று மட்டும் சிவந்த காம்பும் மினுமினுக்கும் இலையுமாகச் சிங்காரித்துக்கொண்டு நின்றது. அடியில் தொடை தடிமனுக்குக் கிழங்கு, துளி அழுகல் இல்லை. கீறிப் பார்த்தாள். மஞ்சள். ஆமைமுட்டையின் மஞ்சள் இல்லை, வெளிறின மஞ்சள். கசப்போ, எறும்புகள் ஊர்வலத்தையே திருப்பிவிட்டு வேறு வழியில் போயின.

அதன் குச்சிகளை நட்டுப் பெருக்கிய வருஷம்தான் கீழாற்றுப் பண்ணையிலிருந்து ரெனாட்டா என்ற ஆராய்ச்சிக்காரி படகில் வந்து இறங்கினாள். முன்மாதிரித் தோட்டங்கள் அத்தனையும் ஒரே மாசத்தில் அழுகிவிட்டன. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது. எல்லாம் ஒரே செடிதானே.

"தாங்கற ரகம் வேணும்மா. அதோட கலந்துதான் புதுசு எடுக்க முடியும். இந்தக் கரையில முன்ன எத்தனையோ வகை இருந்துச்சாமே."

"இருந்துச்சு. சுத்தம் பண்ணச் சொன்னதும் உங்க ஆளுங்கதான்."

ரெனாட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமைமுட்டை உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள் ஒடீலியா. அவள் குரல் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இறங்கியது.

ரெனாட்டா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த ஊர்லேருந்து நாங்க சேத்து வெச்சது மூணே மூணு வகை. அதுல இல்லைம்மா."

ஒடீலியா எழுந்துபோய்ச் சிவந்த காம்புக்காரியிலிருந்து ஐந்து குச்சி வெட்டி வந்தாள். கேட்டாளே, இல்லை என்று சொல்லக் கூடாதே.

"இதுக்குப் பேரு?"

"ஜெசுயீனா."

"யாரோட ஞாபகத்துலயாவது வெச்சதா?"

"ஆமா. வெளியில அழகா இருக்கும். தோண்டினாத்தான் உள்ள என்னன்னு தெரியும். நல்லாப் பிழிஞ்சு எடுக்கணும். அப்படியே நம்பித் தின்னா ஆளக் கொன்னுடும்."

ரெனாட்டா பேரை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பேர் ஆற்றில் படகைவிட வேகமாகப் போனது. ஒரு வாரத்தில் ஜெசுயீனா வந்தாள், காலிக் கூடையோடு. ரொட்டி இல்லை, வம்பு இல்லை. எந்திரம் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது, துருவ எதுவும் இல்லாமல்.

"குச்சி குடு மதினி."

ஒடீலியா வெட்டினாள், கட்டினாள், கூடையில் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பேர் கேட்காமல் வாங்கக் கூடாது.

"இதுக்கு... பேரு என்ன மதினி?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும்." ஜெசுயீனா கூடையைத் தூக்கிக்கொண்டாள். படகில் ஏறியவள் திரும்பி, "இத நான் பத்திரமா பாத்துக்கறேன். உனக்கு எப்ப வேணும்னாலும்..." என்றாள்.

"போய்ட்டு வா" என்றாள் ஒடீலியா.

படகு முதல் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கட்டுக் குச்சியை வெட்டி, பெனீசியோவைக் கூப்பிட்டாள். ஆற்றில் எதிர்த்திசையில் மூன்று நாள் பயணத்தில், அந்தக் கட்டைக் கொடுத்துவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். சொந்தம் இல்லை.