முதலாளிக்குப் பால் நேரம்

புட்டியைக் கவிழ்த்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். சூடு பதம். "முதலாளி, வர்றீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்கிறார். முதலாளிக்கு இரண்டரை வயது. மெல்ல நடந்து வந்து மடியில் சாய்ந்து, அப்பாவின் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே உறிஞ்சத் தொடங்குகிறாள்.

சட்டைகளில் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பதுதான் அவருடைய தொழில். துணிமூட்டை கொண்டுவருகிற ஆள் வாசலோடு போய்விடுவான். மனைவி கடல் தாண்டி யார் வீட்டிலோ சமைக்கிறாள். எப்போதும் உதட்டில் நூலைக் கவ்விக்கொண்டிருப்பதால் ஆள் பேசாமடந்தை என்று தெருவில் பேச்சு. அதெல்லாம் இல்லை, பேச ஆளில்லை, அவ்வளவுதான். அதனால் பட்டனோடு பேசுவார். ஓட்டை சரியில்லாத பட்டன் கையில் சிக்கினால், "உன்னையெல்லாம் யாருடா வேலைக்குச் சேர்த்தது?" என்று அதட்டி ஓரமாக வைப்பார்.

பால் விஷயத்தில் மனுஷர் தாராளம். அழுதால் பால், சிணுங்கினால் பால், சும்மா இருந்தாலும் பால். மனைவி போனில் "புள்ள சாப்பிட்டாளா?" என்றால், "வயிறு ரொம்பிடுச்சு" என்பார். பொய்யில்லை. மாடிவீட்டு அக்காவுக்கோ குழந்தையைப் பார்த்தாலே வாயெல்லாம் பல். "என்னா கலரு! வெச்ச எடத்துல உக்காந்திருக்கே, சமத்து!" போன வருஷத்துக் கவுன் இந்த வருஷமும் சரியாக இருந்தபோது, "எங்க முதலாளி செலவே வெக்க மாட்டா" என்று அவரும் பெருமைப்பட்டுக்கொண்டார். குழந்தை சுவர்க் காரையைச் சுரண்டித் தின்பதைப் பார்த்து, அந்த இடத்தில் ஓர் அட்டையை ஒட்டினார். அட மனுஷா, யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யாரிடம் கேட்பார், பாவம்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸம்மா குழந்தையின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ரத்தம் எடுத்தார்கள், எடை போட்டார்கள், உயரம் அளந்தார்கள். "நல்ல கலருன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா" என்றார் அவர்.

"இது கலர் இல்லீங்க, உடம்புல ரத்தமில்ல. இரும்புச் சத்து சுத்தமா இல்ல, வைட்டமினும் பத்தல. அதான் வளர்த்தி நின்னு போச்சு."

"பாலுக்கு ஒரு குறையும் வெச்சதில்லையேம்மா!"

"அதையே வயிறு முட்டக் குடுத்தா சோத்துக்கு எங்க எடம்? மருந்து தர்றோம். பால் டம்ளர்ல ரெண்டு வேளை, போதும். முட்டை, கீரை, பருப்புன்னு பழக்குங்க. புட்டிய தூக்கிப் போடுங்க. இப்படியே விட்டா மூளை வளர்ச்சிக்கும் ஆபத்து."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

புட்டியை அன்றே குப்பையில் போட்டார். பிறகுதான் தெரிந்தது, அவளுக்குப் பால் எப்படியோ, அவருக்கு அந்த மடி நேரம் அப்படி. அவர்மேல் இன்னோர் உயிர் தானாக வந்து சாய்வது அப்போது மட்டும்தான். இப்போது கிண்ணத்தைக் கண்டாலே அவள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். ஊட்டினால் துப்பினாள். ஊரைக் கூட்டி அழுதாள். "ஒரே ஒரு வாய் முதலாளி, உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்சியும் மசியவில்லை.

மாடிவீட்டு அக்கா இறங்கி வந்தாள். "ஒரு புட்டி குடுத்தா என்ன கொறஞ்சா போயிடும்? கல் நெஞ்சுக்காரரா இருக்கீங்களே!"

"குடுக்க எனக்கும்தான்க்கா ஆசை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மெஷினை மிதிக்கத் தோன்றவில்லை. வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அழுதார்.

டம்ளர் பாலும் மருந்தும் மட்டும் எப்படியோ உள்ளே போய்க்கொண்டிருந்தன. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், தன் தட்டில் கீரைச் சோற்றைப் பிசைந்து, அவித்த முட்டையை உடைத்து வைத்தார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தவழ்ந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். மஞ்சள் கருவில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். துப்பவில்லை. அடுத்து சோற்றில் கை வைத்தாள்.

அவர் அவசரமாக மடியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க முதலாளி, அப்பா ஊட்டறேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

கீரை அப்பிய கையால் அவள் அவற்றைத் தட்டிவிட்டாள்.

"நானே!"

நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு தட்டைத் தன் முன்னாலிருந்து நகர்த்தி, அவள் பக்கம் வைத்தார்.