வேதக்கார அக்கா வீடு

கீரனூரில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் இரண்டே. ஒன்று என்னுடையது. நிலைக்கு மேல் வசனம் வெட்டிய கல், கேட்டில் சிலுவை. தெருக்கோடி வீடு ரோஸ்லினுடையது. ஞாயிறு ஆராதனை பாதி முடிந்த பிறகு வந்து கடைசியில் உட்காருகிறவள். பாடகர் குழுவை நடத்தும் எனக்கு அவள் என்றாலே இளக்காரம்.

ஒரு மழைநாளில் நெற்றியில் திருநீறோடு ஒரு பெண் என் கேட்டைத் தட்டினாள்.

"வேதக்கார அக்கா வீடு இதுங்களா?"

"நான்தாம்மா, உள்ள வாங்க," என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

அவள் தயங்கினாள். "நீங்க இல்லைங்க. எங்க மாமியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ஞாயித்துக்கெழம காலையில வந்து தலை சீவிவிட்டு கஞ்சி ஊட்டுவாங்களே, அந்த அக்கா. இப்ப வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். அவங்களப் பாக்கணும்னு அழுகுது."

"அங்கிட்டு, கடைசி வீடு," என்று கைகாட்டினேன்.

சற்று நேரத்தில் ரோஸ்லின் அவளோடு ஒரே குடையில் வந்து என் வாசலில் நின்றாள். "நீங்களும் வாரீங்களாக்கா? நீங்க பாடுனா அந்த ஆத்தா சந்தோசப்படும்."

போனேன், பாடினேன். நன்றாகவே வந்தது. கிழவி கண்ணை மூடிக் கேட்டாள். ஆனால் பாட்டு முடியும்வரை அவள் விடாமல் பிடித்திருந்தது ரோஸ்லினின் கையை.

அந்தக் கையின் மேல் எனக்குள்ள பொறாமை எத்தனை ஜெபித்தும் போகவில்லை. இப்போதெல்லாம் அது போகவேண்டும் என்று நான் ஜெபிப்பதும் இல்லை; அதுவாவது என்னை அவளைப் போல ஆக்கட்டும்.