வெள்ளிக்கிழமை இரண்டு முழம் பிச்சி

சங்கரன்கோவிலில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் நான் பூ விற்கத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் எந்த வீட்டுக்கு மல்லி, எந்த வீட்டுக்குப் பிச்சி, யாருக்கு மரிக்கொழுந்து வாசனை ஆகாது என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. ஒரு சீட்டு எழுதி வைத்ததில்லை. போன வருடம் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு இரண்டு வீடுகளுக்குப் பூ மாறிப் போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அப்போதுதான் மருமகள் என் போனில் ஒரு ஏஐ போட்டுக் கொடுத்தாள். பூக் கட்டிக்கொண்டே வாயால் சொன்னால் போதும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தந்தக் கிழமையில் வாடிக்கை வீடுகளுக்கு அதுவே மெசேஜும் அனுப்பும்.

தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் வெள்ளிதோறும் சைக்கிளில் வந்து இரண்டு முழம் பிச்சி வாங்குவார். ஒன்று சாமிக்கு, ஒன்று வீட்டம்மா தலைக்கு. நார் நுனியை இழுத்துப் பார்க்காமல் போகமாட்டார்.

"அவுந்து போறாப்புலயா சார் கட்டுதேன்?" என்று முறைப்பேன்.

"ஒருநாள் அவிழும்லா, அன்னைக்கு நான் பாக்கணும்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் மாரடைப்பில் இறந்துபோனார். நானே மாலை கட்டிக் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்ததும் போனிடம், அந்த சார் இறந்துவிட்டார், ஞாபகம் வைத்துக்கொள் என்று சொன்னேன். சரி என்று மரியாதையாகச் சொன்னது. அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சார் தெருக்காரி ஒருத்தி கடைக்கு வந்து நாலு பேர் கேட்கச் சொன்னாள். "மதினி, உங்க போன்லருந்து அந்த வீட்டுக்கு மெசேஜ் வந்திருக்கு. பூ ரெடியா இருக்கு, சார அனுப்பி வைங்கன்னு. அந்த அம்மா செவத்தப் பாத்து உக்காந்திருக்கு."

கட்டிக்கொண்டிருந்த சரத்தில் எத்தனை கண்ணி போட்டேன் என்பது விட்டுப் போயிற்று. துக்க வீட்டில் தவறாக ஒரு சொல் சொன்னேன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. நானும் தாலி அறுத்தவள்தான். என் தலையில் பூ ஏறிப் பதினெட்டு வருடமாயிற்று. அப்படிப்பட்ட நான் இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்?

மருமகளைக் கூப்பிட்டேன். அவள் போனை நோண்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன புதுசையும் வச்சிருக்கு, பழசையும் வச்சிருக்கு அத்தை. வெள்ளிக்கிழமைன்னதும் பழசத் தூக்கிட்டு வந்துட்டு" என்றாள்.

"நாலு நாளைக்கு முன்னால சொன்னதுக்கும் போன வருசம் சொன்னதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதாட்டி?"

"இது முடிஞ்சு போச்சுன்னு நாமதான் சொல்லணும் அத்தை."

அந்த வீட்டைப் பற்றிய எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கேட்டாள். பொறு என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அனுப்பியதுதான், ஆனால் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் மடியில் கிடந்த துண்டைத் தடவினார்.

"மெசேஜப் பாத்ததும் கொடியில கெடந்த அவங்க துண்ட எடுத்துட்டேன் அக்கா. வெளிய கெளம்புதாங்கன்னு குடுக்கப் போனேன். பெறகுதான் கட்டில் காலியாக் கெடக்கது தெரிஞ்சுது." துண்டை மடித்துக்கொண்டே, "அந்தப் போன ஏசாதீங்க. நானும் அப்படித்தான் இருக்கேன்" என்றார்.

பூவை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார். பதினாறு கழிந்ததும் அதே இரண்டு முழம் வேண்டுமாம். சாமிக்கு ஒன்று, சார் படத்துக்கு ஒன்று.

அன்று மத்தியானம் மருமகள் போனில் இருந்த ஞாபகங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். சிவகிரி பஸ்ஸில் வரும் நர்சுக்குச் செவ்வாய்க்கிழமை கதம்பம் என்று இருந்தது. அவர் மாற்றலாகிப் போய்ப் பல மாதமாகிறது. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று இருந்தது. அவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. நான் எப்போதோ சாப்பிட்ட இருமல் மாத்திரையைக்கூட விடாமல் வைத்திருந்தது. அழி, அழி என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

சார் வீடு வந்தது. சார் நார் நுனியை இழுத்துப் பார்ப்பார் என்று எப்போதோ சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன், அதுவும் இருந்தது. அழி என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்லிவிட்டேன். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, போனுக்கு எதற்கு? இரண்டு முழம் மட்டும் இருக்கட்டும், அந்த வீட்டுக்கு மெசேஜ் போகக்கூடாது, நானே கொண்டுபோவேன் என்று போடச் சொன்னேன். இப்போது அமாவாசைக்கு அமாவாசை இருவரும் உட்கார்ந்து வாசித்து, முடிந்து போனதை எடுத்துவிடுகிறோம்.

பதினாறு கழிந்து வந்த வெள்ளிக்கிழமை பிச்சியை இலையில் மடித்து எடுத்துப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். படத்துக்குப் போடும் முன் நார் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

நான் பழையபடி முறைத்தேன்.