ஆணியில் தொங்கிய ஆட்டுத்தோல்

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு. அதன் நடுவில் பெட்ரோல் போகிற ஓட்டையில் கடுகு நுழையாது. அந்த ஓட்டைக்காக நான் என் அப்பாவை எதிர்த்து நின்றேன். நாலு மாதம் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். "பெற்றவர் மனதை நோகடிக்கலாமா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், "நோகடிக்கலாம், காரணம் இருந்தால்" என்றுதான் சொல்வேன். என் காரணம் இதுதான்.

உலக யுத்த காலம் அது. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்துக் கோடியில் ஒரு சின்னச் சிவன் கோவில். அப்பா அதில் பூசை செய்துவந்தார். நானும் அதையே செய்வேன் என்று நினைத்திருந்தார். நான் சுகாதார ஆபீஸில் சேர்ந்தேன். மேற்கே கிராமங்களில் காலரா கண்டால் சலைன் பாட்டில்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அதற்கு சைட்கார் வைத்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். கூப்பிட்ட நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதால் வண்டியும் பெட்ரோல் டின்களும் எங்கள் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டிலில்தான் இருக்கும். "கோவில் மணி அடிக்க வேண்டிய கை பேதி வண்டி ஓட்டறது" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான். அதுவும் பீப்பாயின் அடியில் கிடக்கிற மிச்சம்தான், துருவும் மண்ணும் தண்ணீருமாகச் சேர்ந்து வரும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். அதை வடிகட்டாமல் டாங்கில் ஊற்றினால் பத்து மைல் தாண்டாது. நான் வடிகட்டாமல் ஊற்றுகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்தவனுக்கு வடிகட்டுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவாமி அபிஷேகத்துக்குப் போகும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்துத்தான் குடத்தில் விடுவோம். சுவாமிக்குச் சரியாக இருப்பது கார்புரேட்டருக்குச் சரியாக இருக்காதா? அப்பாவின் பழைய மடி வேட்டி ஒன்றைக் கிழித்துப் புனலில் கட்டிக்கொண்டேன். மடித்துணி என்றால் கிணற்றில் நனைத்துப் பிழிந்து, யாரும் தொடாமல் கொடியில் உலர்த்தியது. அதைவிடச் சுத்தமான துணி மதுரையிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம்.

ஐப்பசி மழையில் அந்தக் கர்வம் உடைந்தது. உசிலம்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் வாந்திபேதி என்று காலையில் ஆள் வந்தது. கொடியில் துணி சரியாகக் காயவில்லை. மடி வேட்டியை ஈரத்தோடு கட்டிக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்தானே. அந்த அரை ஈரத் துணியிலேயே பெட்ரோலை வடித்து ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் வண்டி பாடிக்கொண்டு போனது. செக்கானூரணி தாண்டியதும் இரண்டு இருமல் இருமி நின்றது.

ரோட்டோரம் உட்கார்ந்து கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். துரு இல்லை, மண் இல்லை. அடியில் கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி தண்ணீர் உருண்டது. கொட்டினேன், துடைத்தேன், ஜெட்டை ஊதினேன், கிளப்பினேன். ஒரு மைல் போனது, நின்றது. மறுபடியும் அதே கண்ணாடி மணி. நாலாவது தடவை கழற்றும்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. துணி மண்ணைப் பிடிக்கும். தண்ணீரை எப்படிப் பிடிக்கும்? தண்ணீரை வடிப்பதற்கென்றே இருக்கிற துணி தண்ணீரை விட்டுவிடாமல் என்ன செய்யும்? போதாததற்கு, துணியின் ஈரத்தையும் நானே சேர்த்து ஊற்றியிருந்தேன்.

கடைசியில் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, பாட்டில்களை வைக்கோலில் புதைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் என் கையிலிருந்து பெட்டியைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். வாசலில் ஒருவர் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அரை மணி நேரம் முன்னால் போய்விட்டிருந்தாள்.

அவர் என்னைத் திட்டவில்லை. "எம்புட்டு நேரமா காத்துக் கெடந்தோம்ண்ணே," என்றார். "வண்டிச் சத்தம் கேக்குதா, வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. மாட்டு வண்டியில வாரீகளே?"

காலராவில் உடம்பிலிருக்கிற தண்ணீரெல்லாம் வற்றித்தான் ஆள் போவது. அவள் தண்ணீர் இல்லாமல் செத்தாள். என் வண்டி தண்ணீர் இருந்ததால் நின்றது. அந்தக் கணக்கை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. இன்னொரு தடவை இந்த வண்டி வழியில் நிற்கக் கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டுமானாலும் செய்வேன் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

ஆபீஸில் சிரித்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், ஓட்டத் தெரியாதவன் பெட்ரோல்மேல பழி போடுறான்" என்றான் ஒருவன். சிரிக்கட்டும். வைகைக் கரையில் பட்டாளத்து லாரிகள் நின்றிருந்தன. டிரைவர்கள் பெட்ரோல் ஊற்றும்போது புனலில் துணிக்குப் பதிலாக மஞ்சளாக, மெத்தென்று எதையோ விரித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். போய்க் கேட்டேன். எண்ணெயில் பதப்படுத்திய ஆட்டுத்தோல். முதலில் பெட்ரோலில் நனைத்துவிட்டால் அது பெட்ரோலை மட்டும் கசிய விடும்; தண்ணீர் மேலேயே தங்கிவிடும். ஒரு டிரைவர் என் கண்ணெதிரே ஒரு குவளைத் தண்ணீரைக் கலந்து ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முழுக்கத் தோலின் மேல் அப்படியே நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் அடுத்த ஞாயிறே திண்டுக்கல் போய், தோல் பதனிடும் இடத்தில் ஒரு தோல் வாங்கி வந்தேன்.

முதல் தோலைக் கொட்டிலில்தான் வைத்தேன். அப்பாவுக்குக் கொடுத்த மரியாதை அது. இரண்டாம் நாள் தெரு நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி திண்டுக்கல் போனேன். இரண்டாவது தோலை மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெளியில் வைத்தால் புழுதி படியும். கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

அப்பா கோவிலிலிருந்து வந்து நிமிர்ந்து பார்த்தார். "அது ஆத்துக்குள்ள வரப்படாதுடா."

"வந்தாச்சுப்பா."

"செத்த ஆட்டோட தோல்."

"கோவில்ல வாசிக்கிற மிருதங்கத்துல எந்த ஆடு உயிரோட இருக்கு? எனக்குப் பூணூல் போட்டப்போ நீங்களே ஒரு துண்டு மான்தோல் கட்டிவிட்டேளே, அந்த மான் இன்னும் துள்ளிண்டிருக்கா?"

"அது சாஸ்திரம் சொன்ன தோல்."

"இது காலரா சொன்ன தோல்."

அம்மா சமையலறை வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. "சரி. அது இருக்கிற ஆத்துல நான் அன்னம் தொட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சொன்னதைச் செய்கிற மனிதர். கோவில் நைவேத்தியம்தான் அவருக்குச் சாப்பாடு. காலையில் ஒரு கை பொங்கல், சாயங்காலம் கொஞ்சம் சுண்டல். அம்மா தினமும் அவருக்கும் சேர்த்து இலை போடுவாள், பிறகு எடுத்து மாட்டுத் தொட்டியில் போடுவாள். அவர் தோள் எலும்பு துருத்த ஆரம்பித்தது. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தோலை எடுக்கவில்லை. அவர் முருங்கை மரத்தில் ஏறினால் நான் அதன் உச்சாணிக் கிளையில் உட்காருவேன், அதே ரத்தம்தானே. அந்த நாலு மாதத்தில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மாசி மாதம் ஒரு விடியற்காலை. அதே பக்கம், செக்கானூரணிக்கு மேற்கே இன்னொரு ஊர். ஒரு பெண் பிள்ளை பெற்ற எட்டாம் நாள் காலரா கண்டு கிடக்கிறாள், கையில் ஒரு பாட்டில்கூட இல்லை என்று டாக்டர் ஆளை அனுப்பியிருந்தார். பாட்டில் பெட்டியை சைட்காரில் ஏற்றிவிட்டுத் தோலை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். ஆணி மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கொல்லைக்கு ஓடினேன். அப்பா ஸ்நானம் செய்துவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மடிக்கொடியில், அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில், என் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. நடுவில் இன்னும் சொதசொதவென்று ஈரம்.

"என்னப்பா பண்ணினேள்?"

"நேத்து நீ பெட்ரோல் வாங்கப் போயிருந்தப்போ கிணத்து ஜலத்துல நன்னா அலசி, விபூதி தெளிச்சுக் காயப் போட்டேன்," என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை; சமாதானத்துக்கு வந்தவரின் கூச்சம்தான் இருந்தது. "நாலு மாசமா யோசிச்சேன்டா. எதுக்கும் ஒரு சுத்தி உண்டோல்லியோ? இனிமே அது ஆத்துல இருக்கலாம்."

"தண்ணில முக்கினேளா? தண்ணி ஆகாதுன்னுதானே இந்தத் தோலே!" தெருவே கேட்கும்படி கத்தினேன். தண்ணீரில் ஊறிய தோல் இனித் தண்ணீரைத்தான் விடும். பிழிந்து பெட்ரோலில் அலசினாலும் இன்றைக்கு நம்ப முடியாது. "ஒரு சொட்டுத் தண்ணி போச்சுன்னா வண்டி நின்னுடும். ஐப்பசில நின்னுது. ஒரு பொண்ணு வண்டிச் சத்தத்துக்குக் காதை வெச்சிண்டே செத்துப் போனா. உங்க மடி வேஷ்டில வடிச்ச பெட்ரோல்ப்பா அது!"

அவர் திரும்பிக் கொடியிலிருந்த வேட்டியைப் பார்த்தார். "என் வேஷ்டியிலயா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதம் சண்டை போட்டேனே தவிர, அந்தத் தோல் எதற்கு என்று அவரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றியும் வீட்டில் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"வேற வழி?" என்றார் அப்பா.

ஒரு வழி இருந்தது. டின் முந்தின சாயங்காலத்திலிருந்து ஆடாமல் அசையாமல் கொட்டிலில் நின்றிருந்தது. தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும். மேலாக மட்டும் ஊற்றிக்கொண்டு அடியை விட்டுவிடலாம். ஆனால் நிறைந்த டின்னைச் சாய்க்கும்போது கை ஒரு தடவை குலுங்கினாலும் அடி கலங்கிவிடும். என் கை ஆத்திரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

"தள்ளு," என்றார்.

புனலில் கட்ட மடிக்கொடியிலிருந்து ஒரு துணியை உருவப் போனவர், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "காஞ்ச துணிதானே வேணும்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய், பெட்டியிலிருந்த அம்மாவின் பழம்புடவை ஒன்றைக் கிழித்து எடுத்து வந்தார். மடியில்லாத, தொடக் கூடாத புடவை. ஸ்நானம் செய்த உடம்போடு அதை அவரே புனலில் கட்டினார். பிறகு டின்னை இரண்டு கையாலும் அணைத்து மெல்லச் சாய்த்தார். நாற்பது வருஷமாகக் கனத்த குடத்திலிருந்து லிங்கத்தின் மேல் நூல் அறாமல் பால் விட்ட கை அது. பெட்ரோல் ஒரே இழையாக இறங்கியது. ஒரு குலுக்கல் இல்லை. அடியில் கால் டின் இருக்கும்போது நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வேட்டியெல்லாம் பெட்ரோல் வாடை.

"பூஜைக்கு நேரமாச்சேப்பா," என்றேன்.

"மறுபடி ஸ்நானம் பண்ணிட்டுப் போறேன். சுவாமி ஒரு நாழி காத்துண்டிருப்பார். நீ கிளம்பு."

செக்கானூரணி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். தாண்டினேன். அந்தப் பழைய இடத்தைத் தாண்டினேன். ஊருக்குள் நுழையும்போது தேவையே இல்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். படுத்திருப்பவளுக்குக் கேட்க வேண்டும். அரை மணியில் முதல் பாட்டில் அவள் கையில் ஏறியது. மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. தோல் மறுபடியும் கூடத்து ஆணியில் தொங்கியது. அதன் கீழே, அதற்கு நேர் கீழே, அப்பா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் சாதம் ஆறிப்போய்க் கிடந்தது. "அப்பவே பரிமாறச் சொன்னார். தொட மாட்டேங்கறார்," என்றாள் அம்மா.

"வண்டி நின்னுதா?" என்று கேட்டார்.

"நிக்கலப்பா."

"அந்தப் பொண்ணு?"

"இருக்கா."

அப்பா இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, நாலு மாதத்துக்கப்புறம் எங்கள் வீட்டுச் சாதத்தை எடுத்து வாயில் வைத்தார்.