ஜெயசீலன் அண்ணாவின் கிற்றாருக்கு வார்னிஷ் அடித்தவர்களுக்கு

ஜெயசீலன் அண்ணாவை நேற்றுப் பின்னேரம் அடக்கம் செய்தோம். எங்கள் பாடகர் குழுவிலிருந்து சேமக்காலைக்கு வந்தவர்கள்: கோயிலில் ஓகன் வாசிக்கும் நான், பிலோமினா ரீச்சர், அருளப்பு அண்ணா, செயலாளர். நாலு பேர்.

வரவுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. பெயர் இருபத்தாறு. மிச்சப் பேர் பேஸ்புக்கில் மெழுகுதிரிப் படம் போட்டிருக்கிறீர்கள். நன்றி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... அண்ணா மீன் லொறி ஓடியவர். செவ்வாய்க்கிழமை விடிய இலுப்பைக்கடவையில் ஐஸ் ஏற்றிவிட்டு, கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு.

செபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் எழுதியிருந்தால் இன்னும் மோசமாக வந்திருக்கும்.

கனடாவிலிருந்து அவருடைய தங்கச்சி அனுப்பிய கிற்றாரை அவர் முதன்முதல் பயிற்சிக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? பழுப்பு நிறம், ஓரமெல்லாம் பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. ஐம்பது, அறுபது வருசம் யாரோ தோளில் போட்டுத் தேய்த்தது போல.

"இவ்வளவு பழசையோ அனுப்பினவை?" என்று செயலாளர் சிரித்தார்.

"பழசில்லை, புத்தம் புதுசு. பழசு மாதிரிச் செய்து விக்கிறாங்கள்."

"அப்ப காசு குடுத்துக் கீறல் வாங்கினனீங்களோ?"

"ஓம். எனக்கு இருந்து கீற நேரமில்லை."

எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது இந்தக் கிழமைதான் தெரிந்தது.

தோற்றம்தான் பழசு. உள்ளே எல்லாம் இந்தக் காலத்து வேலை. ஐஸ் நொறுக்கும் மெஷினில் அகப்பட்டு அவருடைய இடது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. கோயில் கிற்றாரின் தடித்த கழுத்தை அவரால் பிடிக்கவே முடியாது. இதன் கழுத்து மெல்லிசு, தட்டை.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி, என்ர நொண்டி விரலுக்கும் எட்டுது" என்று கழுத்தின் கடைசிக் கட்டைவரை கையை ஓட்டி எனக்குக் காட்டினார். ஒரு குமிழை மேலே இழுத்தால் சத்தம் அப்படியே மென்மையாகிவிடும். நற்கருணைப் பாட்டுக்கு அதைத்தான் இழுப்பார். நான் யாரிடமும் சங்கீதம் படித்தவள் இல்லை, போனைப் பார்த்துப் பழகினவள். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் போதும், கண்ணை மூடிச் செபிக்கலாம்.

குழு என்ன செய்தது? "கரண்ட் கிற்றார் கோயிலுக்குச் சரிவராது, கலியாண ஹோலுக்குக் கொண்டுபோங்கோ."

"என்ர ஓகன் என்ன, மண்ணெண்ணெயிலயோ ஓடுது?" என்று நான் கேட்டேன். அவருடைய பிளக் பொயின்றை ஃபானுக்குக் கொடுத்தீர்கள். இரண்டு வருசம் மனுசன் கடைசி வாங்கில் குந்தியிருந்து, ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல், தனக்கு மட்டும் கேட்க வாசித்தார். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

செத்தபிறகு மட்டும் பனர். "இசை வித்தகர்." எழுத்துப் பெரிசு. கீழே குழுவின் பெயர் அதைவிடப் பெரிசு.

இனித்தான் விசயம்.

புதன்கிழமை செத்த வீட்டில், மெற்றில்டா அக்கா கணவரின் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது, செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் அலுமாரியைத் திறந்து கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். வீடியோ கனடாவுக்குப் போகிறதாம். உரிந்த சாமானை வைத்தால் குழுவுக்கு மரியாதை இல்லையாம்.

அக்காவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சவப்பெட்டிக்குப் பொலிஷ் அடிக்கும் இடத்தில் கொடுத்து, எல்லாவற்றையும் கழற்றி, தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தார்கள். பெட்டியும் கிற்றாரும் ஒரே நிறம், ஒரே மினுக்கம். கழுத்திலும் தடவியிருக்கிறார்கள். கை வைத்தால் ஒட்டுகிறது. தந்தி இல்லை. முறுக்காணி இல்லை. குமிழ்கள் இருந்த இடத்தில் ஓட்டை.

அதற்கு மாலையும் போட்டீர்கள்.

சேமக்காலையிலிருந்து திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

"அவர் போன அண்டைக்கு அலுமாரியைத் திறந்து ஒருக்காத் தட்டிப் பாத்தனான் தங்கச்சி. சனிக்கிழமை அவர் சுருதி வைச்சபடியே நிண்டது. கொஞ்சமும் இறங்கேல்லை. அவர்தான் சொல்லுறவர், அதின்ர முறுக்காணிக்குப் பூட்டு இருக்கு, அசையாதெண்டு... இனி நான் எதைத் தட்டிப் பாக்கிறது?"

அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

இரவு செயலாளருக்கு போன் எடுத்தேன்.

"நல்லதுக்குத்தானே அக்கா செய்தனாங்கள். இப்ப புதுசு மாதிரி இருக்கல்லோ?"

"அது புதுசாத்தான் இருந்தது."

"சும்மா கோவிக்காதேங்கோ..."

"கழட்டின சாமான் எங்க?"

"ஒரு பச்சைக் கடைப் பையில போட்டவங்கள். கிற்றார் ஏத்தின வானிலதான் கிடந்தது. பிறகு பாத்தம், காணேல்லை. இப்ப ஆருக்கு அது அவசரம்?"

மெற்றில்டா அக்காவுக்கு அவசரம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அண்ணாவின் தம்பி வருகிறார். அவருக்கும் வாசிக்கத் தெரியும். அந்தக் கிற்றார் ஒரு தடவையாவது கோயிலுக்குள் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. பூசைக்குப் பொறுப்பான சாமியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் ஓம் என்றுவிட்டார். ஆகவே யாரும் பிளக் பொயின்றைப் பற்றிக் கூட்டம் வைக்கத் தேவையில்லை.

அடித்த வார்னிஷை அடித்தவர்கள் தங்கள் மனச்சாட்சியோடு பேசிக்கொள்ளட்டும். ஆண்டவர் மன்னிப்பார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.

போயிட்டு வாங்கோ அண்ணா. அங்கே முன்வாங்கில் இருங்கோ.

மற்றவர்களுக்கு: பச்சை நிறக் கடைப் பை. உள்ளே ஆறு முறுக்காணி, இரண்டு குமிழ், தந்திக்குக் கீழே இருக்கும் இரும்புத் தகடு, சத்தத்தைப் பிடிக்கும், வயரோடு இரண்டு கறுப்புக் கட்டை. புதன்கிழமை அந்த வானில் ஏறினவர்கள் உங்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். அது யாரிடம் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் எனக்கு எழுதுங்கள்.